எரிவாயு எங்கே போயிற்று?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

நம் வீடுகளுக்கு வரும் சமையல் எரிவாயு உருளையில் 14.2 கிலோகிராம் எரிவாயு இருக்கிறது. கனமாக உருட்டிக்கொண்டு வரப்படும் உருளை, காலியானதும் இலேசாகத் தூக்கிச் செல்லப்படுகிறது. இடையில் அந்த 14.2 கிலோ எங்கே போயிற்று என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். “எரிந்து தீர்ந்து போயிற்று” என்பதே விடையாக வரும்.

தீர்ந்து போயிற்று என்பது வீட்டுப் பேச்சுக்குச் சரி. வேதியியலில் அப்படி ஒரு சொல்லுக்கு இடமே இல்லை. அடுப்பில் எரிந்த எரிவாயுவின் ஓர் அணுகூடத் தீர்ந்து போவதில்லை. வேறு பொருளாக மாறி, சமையலறைச் சன்னல் வழியாக வெளியே போயிருக்கிறது. எதிலிருந்து எது வந்தது, எவ்வளவு வந்தது என்று இரண்டு பக்கமும் எழுதிக் காட்டும் வரவு செலவுக் கணக்குத்தான் வேதிச் சமன்பாடு.

“கீழ்க்கண்ட சமன்பாட்டைச் சமன் செய்க” என்ற வினாவைக் கண்டாலே நம்மில் பலர் அஞ்சுகிறோம். விடையை மனப்பாடம் செய்துவிடுவோரும் உண்டு. கூட்டலும் பெருக்கலும் தெரிந்தவர்களுக்கு மனப்பாடம் எதற்கு? மேலும், இது இரண்டு மதிப்பெண்ணோடு முடிந்துவிடும் காரியமும் அன்று. மூடிய அறையில் அடுப்பு எரிக்கும் ஒருவருடைய உயிர் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

தராசும் ஒரு தம்பதியும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் ஐரோப்பிய அறிஞர்கள் பலர், எரியும் பொருளிலிருந்து ‘பிளாஜிஸ்டன்’ என்ற ஏதோ ஒன்று வெளியேறிவிடுகிறது என்று நம்பி வந்தார்கள். விறகு எரிந்தால் சிறிதளவு சாம்பல்தானே மிஞ்சுகிறது? ஆகவே அது உண்மை போலவே தோன்றியது. ஆனால் உலோகங்களைக் காற்றில் சூடாக்கினால் எடை குறைவதற்கு மாறாகக் கூடியது. ஒன்று வெளியேறினால் எடை எப்படிக் கூடும்?

இந்தக் கேள்விக்குத் தராசைக் கொண்டு விடை கண்டவர் பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த அந்துவான் லவாய்சியே (1743 – 1794). அவர் பாதரசத்தைக் குறிப்பிட்ட அளவு காற்றோடு அடைத்து வைத்துப் பன்னிரண்டு நாட்கள் தொடர்ந்து சூடாக்கினார். பாதரசத்தின் மேல் சிவப்பு நிறப் பொருள் படிந்தது. உள்ளே இருந்த காற்றில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது. அந்தச் சிவப்புப் பொருளைத் தனியே எடுத்து இன்னும் கடுமையாகச் சூடாக்கினார். பாதரசம் திரும்பக் கிடைத்தது. குறைந்துபோன காற்றும் ஏறக்குறைய அதே அளவு திரும்பக் கிடைத்தது! அந்தக் காற்றுக்குத்தான் அவர் ஆக்ஸிஜன் என்று பெயரிட்டார். எரிதல் என்பது ஒன்றை இழப்பது அன்று, ஆக்ஸிஜனோடு சேர்வது என்பது இவ்வாறு விளங்கிற்று.

1789ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட வேதியியல் நூலில், திராட்சைச் சாறு புளித்து மதுவாக மாறுவதை விளக்கும்போது, சாற்றை ஒரு பக்கமும் அதிலிருந்து வரும் கரியமில வாயுவையும் ஆல்கஹாலையும் மறுபக்கமும் வைத்து, இரண்டும் சமம் என்று எழுதிக் காட்டினார். வினைக்கு முன் இருந்த பொருளின் அளவும் பின் இருக்கும் அளவும் ஒன்றே என்ற கருத்தை அவர் தெளிவாகச் சொன்னது அந்த இடத்தில்தான். இன்று நாம் எழுதும் சமன்பாடுகளின் முன்னோடி அது எனலாம்.

லவாய்சியேயைப் பற்றிப் பாடநூல்கள் கூறுகின்றன. அவருடைய மனைவியைப் பற்றிக் கூறுவது குறைவு. மரீ ஆன் லவாய்சியே (1758 – 1836) தம் பதின்மூன்றாம் வயதில், 1771இல் மணம் முடிக்கப்பட்டவர். கணவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனவே இவர் ஆங்கிலம் கற்று, பிளாஜிஸ்டனை ஆதரித்துக் கிர்வான் என்ற அறிஞர் எழுதிய நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அதனால்தான் லவாய்சியேயும் அவருடைய நண்பர்களும் அந்நூலுக்கு வரிக்கு வரி மறுப்பு எழுத முடிந்தது. ஆய்வுக்கூடத்தில் அளவுகளைக் குறித்து வைத்தவரும் இவரே. புகழ்பெற்ற ஓவியர் தாவீதிடம் ஓவியம் பயின்று, 1789ஆம் ஆண்டு நூலுக்கான 13 படப் பக்கங்களையும் தம் கையாலேயே வரைந்தார். குடுவை, குழாய், தராசு எல்லாம் அளவு தவறாமல் அவற்றில் இருப்பதால், பிறர் அவற்றைப் பார்த்து அதே சோதனைகளைச் செய்து பார்க்க முடிந்தது.

லவாய்சியே அரசாங்கத்துக்காக வரி வசூலிக்கும் நிறுவனத்தில் பங்குதாரராகவும் இருந்தார். வரவும் செலவும் சரியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கிருந்து வந்ததோ என்னவோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் அந்தப் பதவியே அவருக்கு எமனாயிற்று. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794 மே 8ஆம் நாள் அவர் தலை துண்டிக்கப்பட்டது. மரீ ஆனின் தந்தையும் அதே நாளில், அதே காரணத்துக்காகக் கொல்லப்பட்டார். ஒரே நாளில் தந்தையையும் கணவரையும் இழந்த அந்த அம்மையார், கணவர் எழுதி வைத்த ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பின்னாளில் வெளியிட்டார்.

கணக்கு எழுதும் முறை

இனிச் சமன்பாட்டுக்கு வருவோம். குறியீடுகளையும் வாய்பாடுகளையும் நம் பாடநூலில் காணலாம். இம்மலரை மாணவியர் மட்டுமன்றி வீட்டிலுள்ள தாய்மாரும் பாட்டிமாரும் படிப்பார்கள் ஆதலால், இங்கே பொருள்களின் பெயரைக் கொண்டே எழுதுகிறேன். எண் எத்தனை மூலக்கூறுகள் என்பதைக் குறிக்கும். அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பவை வினைபடு பொருள்கள். வலப்பக்கம் இருப்பவை விளைபொருள்கள்.

முதலில் எளிய ஒன்று. ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நீர் உண்டாகிறது.

ஹைட்ரஜன் + ஆக்ஸிஜன் → நீர்

ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்றில் 2 ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஆக்ஸிஜன் மூலக்கூறிலும் 2 ஆக்ஸிஜன் அணுக்கள் உள்ளன. நீர் மூலக்கூறு ஒன்றில் 2 ஹைட்ரஜனும் 1 ஆக்ஸிஜனும் இருக்கின்றன. இடப்பக்கம் 2 ஆக்ஸிஜன், வலப்பக்கம் 1. ஓர் ஆக்ஸிஜன் அணு எங்கே போயிற்று? கணக்கு உதைக்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் ஒரு குறுக்கு வழியைத் தேடுவார்கள். வலப்பக்கத்தில் ஓர் ஆக்ஸிஜன் குறைகிறது, அவ்வளவுதானே, நீரின் வாய்பாட்டிலேயே இன்னும் ஓர் ஆக்ஸிஜனைச் சேர்த்து எழுதிவிட்டால் போயிற்று என்பார்கள். எண்ணிக்கை சரியாகிவிடும். ஆனால் அது நீராக இராது! 2 ஹைட்ரஜனும் 2 ஆக்ஸிஜனும் கொண்ட பொருளுக்கு ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்று பெயர். புண்ணைக் கழுவினால் நுரைத்துக்கொண்டு வருமே, அந்த மருந்தில் நீரோடு கலந்திருப்பது இதுதான். முடியை வெளுக்கச் செய்யவும் பயன்படுவது இது. இதைக் குடித்துத் தாகம் தீர்த்துக்கொள்ள முடியுமா? ஓர் அணு கூடினால் பொருளே மாறிவிடுகிறது.

ஆகவே மூலக்கூறுக்குள்ளே கை வைக்கக் கூடாது. மூலக்கூறுகள் எத்தனை என்பதை மட்டுமே மாற்றலாம். கடைக்காரர் ஆறு முட்டை கொண்ட பெட்டியாகத்தான் விற்கிறார், பெட்டியைப் பிரித்துத் தர மாட்டார் என்றால் நாம் என்ன செய்வோம்? எத்தனை பெட்டி வேண்டும் என்றுதானே கணக்கிடுவோம்? அதே முறைதான் இங்கும். நீர் மூலக்கூறு இரண்டு என்று வைத்தால் ஆக்ஸிஜன் இரண்டாகிவிடும். இப்போது வலப்பக்கம் ஹைட்ரஜன் 4. இடப்பக்கம் ஹைட்ரஜன் மூலக்கூறையும் இரண்டாக்கினால் கணக்கு முடிந்தது.

2 ஹைட்ரஜன் + 1 ஆக்ஸிஜன் → 2 நீர்

உருளையின் கணக்கு

சமையல் எரிவாயுவில் புரோப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்கள் முக்கியமாகக் கலந்திருக்கின்றன. புரோப்பேனை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறில் 3 கார்பனும் 8 ஹைட்ரஜனும் உள்ளன. அது நன்றாக எரியும்போது ஆக்ஸிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவும் நீரும் உண்டாகின்றன. கரியமில வாயு மூலக்கூறு ஒன்றில் 1 கார்பனும் 2 ஆக்ஸிஜனும் உண்டு. இதற்குக் கார்பன் டை ஆக்ஸைடு என்றும் பெயர்.

புரோப்பேன் + ஆக்ஸிஜன் → கரியமில வாயு + நீர்

எங்கிருந்து தொடங்குவது? தனியாக நிற்கும் தனிமத்தைக் கடைசிக்கு விட்டுவிடுவது நல்லது என்பது எங்கள் வேதியியல் சிஸ்டர் சொல்லித் தந்த வழி. இங்கே தனியாக நிற்பது ஆக்ஸிஜன். அதன் எண்ணை மாற்றினால் வேறெந்தத் தனிமத்தின் கணக்கும் கலையாது. அதனால் அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கார்பன் இடப்பக்கம் 3. எனவே கரியமில வாயு மூலக்கூறுகள் 3. ஹைட்ரஜன் இடப்பக்கம் 8. நீர் மூலக்கூறு ஒன்றுக்கு 2 ஹைட்ரஜன் ஆதலால் நீர் 4. இப்போது வலப்பக்கத்து ஆக்ஸிஜனை எண்ணுவோம். மூன்று கரியமில வாயுவில் 6, நான்கு நீரில் 4, ஆக மொத்தம் 10. ஆக்ஸிஜன் மூலக்கூறு ஒன்றில் இரண்டு அணுக்கள். ஆகவே 5 மூலக்கூறுகள் வேண்டும்.

1 புரோப்பேன் + 5 ஆக்ஸிஜன் → 3 கரியமில வாயு + 4 நீர்

இதை எடையாகவும் மாற்றிப் பார்க்கலாம். கார்பன் அணுவின் எடை 12, ஹைட்ரஜன் 1, ஆக்ஸிஜன் 16 என்ற கணக்கில், 44 கிராம் புரோப்பேன் 160 கிராம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து 132 கிராம் கரியமில வாயுவையும் 72 கிராம் நீரையும் தருகிறது. இரண்டு பக்கமும் 204 கிராம். லவாய்சியேயின் தராசு சாயவில்லை.

உருளை முழுவதையும் புரோப்பேன் என்றே வைத்துக்கொண்டு கணக்கிட்டால் (பியூட்டேனுக்கும் ஏறத்தாழ இதே அளவுதான் வரும்) 14.2 கிலோ எரிவாயு எரிவதற்குச் சுமார் 51.6 கிலோ ஆக்ஸிஜன் வேண்டும். அதிலிருந்து 42.6 கிலோ கரியமில வாயுவும் 23.2 கிலோ நீரும் உண்டாகின்றன. உருளையில் இருந்ததைப் போல் மூன்று மடங்கு எடையுள்ள கரியமில வாயு! இரண்டு குடம் நீர்! இவை அத்தனையும் நம் சமையலறையில் நம் கண்ணுக்கு முன்பே உண்டாகி வெளியேறுகின்றன.

நீர் உண்டாகிறது என்பதை நம்பாதவர்கள், குளிர்ந்த நீர் நிறைந்த பாத்திரத்தை அடுப்பில் வைத்த உடனே அதன் வெளிப்புறத்தைக் கவனிக்கலாம். பனி படர்ந்தது போல் நீர் பூத்து, பாத்திரம் சூடேறியதும் மறைந்துவிடும். மைக்கேல் ஃபாரடே என்ற அறிஞர் 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர் சிறுமியருக்காக மெழுகுவத்தியைப் பற்றி மட்டும் ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். சுடரிலிருந்து நீர் வருகிறது என்பதை அவற்றில் அவர் செய்தே காட்டினார். நம் சிற்றாலயத்தில் எரியும் மெழுகுவத்தியும் சிறிது சிறிதாக நீரையும் கரியமில வாயுவையும் உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

சுண்ணாம்பு சொல்லும் பாடம்

எரிதல் ஒருவகை வினை. வேறு என்னென்ன வகைகள் உண்டு? பாடநூலில் அட்டவணையாக இருக்கும் அவற்றை, நம் வீட்டுச் சுவரில் பூசப்பட்டிருக்கும் சுண்ணாம்பைக் கொண்டே பார்த்துவிடலாம்.

சுண்ணாம்புக் கல்லை, அல்லது கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலை, காளவாயில் இட்டுச் சுடுகிறார்கள். சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. ஒரு பொருள் இரண்டாகப் பிரிவதால் இது சிதைவு வினை. தூய்மையான 100 கிலோ கல்லைச் சுட்டால் கையில் கிடைப்பது 56 கிலோதான். மீதி 44 கிலோ காளவாயின் வாய் வழியே காற்றில் கலந்துவிடுகிறது. கணக்கு அறியாதவர் காளவாய்க்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகக் கூடும்!

சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் அது கொதித்துப் பொங்கி நீறுகிறது. சுண்ணாம்பும் நீரும் சேர்ந்து ஒரே பொருளாகிவிடுவதால் இது சேர்க்கை வினை. 56 கிலோவோடு 18 கிலோ நீர் சேர்ந்து 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகிறது. அடுப்பே இல்லாமல் அவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது? இரண்டும் சேரும்போது வெளிப்படும் வெப்பம் அது. இவ்வாறு வெப்பத்தை வெளிவிடும் வினைகளை வெப்பம் உமிழ் வினைகள் என்கிறோம். சுண்ணாம்பு நீற்றும் இடத்தில் சிறு குழந்தைகளை நிற்க விடக் கூடாது. கண்ணில் தெறித்தால் சூட்டினால் மட்டுமல்லாமல் காரத் தன்மையாலும் பார்வை போய்விடும். தெறித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் அடித்த பிறகு, அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மீண்டும் கல்லாகவே மாறுகிறது. அந்த 74 கிலோ, 44 கிலோ கரியமில வாயுவைப் பெற்று, 100 கிலோ கல்லாகி, 18 கிலோ நீரை வெளிவிடுகிறது. காளவாயில் இழந்த அதே 44 கிலோ! நீற்றும்போது ஊற்றிய அதே 18 கிலோ! பாடத்தில் நான் மிகவும் விரும்பிய இடம் இதுதான். இது எந்த வகை வினை என்று கேட்டால், அமிலத் தன்மையுள்ள வாயு ஒன்றும் காரம் ஒன்றும் வினைபுரிந்து உப்பும் நீரும் தருவதால் நடுநிலையாக்கல் என்று சொல்லலாம். நான்கு வகைக்குள் இதை அடக்கப் பார்ப்பது வீண் முயற்சி என்பது என் எண்ணம்.

மற்ற இரண்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டு வைத்தால் ஆணியின் மேல் செந்நிறமாகத் தாமிரம் படியும். நீல நிறம் மங்கிப் பச்சையாகும். இரும்பு, தாமிரத்தை வெளியேற்றி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் இது இடப்பெயர்ச்சி வினை. வெள்ளி நைட்ரேட் கரைசலில் உப்புக் கரைசலை ஊற்றினால் தயிர் போல் வெண்மையாக வீழ்படிவு உண்டாகும். இரண்டு சேர்மங்களும் துணையை மாற்றிக்கொள்வதால் இது இரட்டை இடப்பெயர்ச்சி. இவ்விரண்டுக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற எண்ணே போதும். சமன் செய்ய வேண்டிய வேலை இல்லை.

ஆக்ஸிஜன் குறைந்தால்

இதுவரை கண்ட கணக்குகளில் எல்லாம், வேண்டிய பொருள் வேண்டிய அளவு கிடைத்தது என்று வைத்துக்கொண்டோம். புரோப்பேனுக்கு ஐந்து ஆக்ஸிஜன் வேண்டும் என்று தாளில் எழுதிவிட்டோம். அறையில் ஐந்து இல்லாமற் போனால்?

எரிவாயு எரியாமல் காத்துக்கொண்டிராது. கிடைத்த ஆக்ஸிஜனை வைத்து வேறு கணக்கைப் போட்டுக்கொள்ளும்.

2 புரோப்பேன் + 7 ஆக்ஸிஜன் → 6 கார்பன் மோனாக்ஸைடு + 8 நீர்

எண்ணிப் பாருங்கள், இதுவும் சரியாகவே சமன் ஆகிறது. இரண்டு புரோப்பேனுக்குப் பத்து ஆக்ஸிஜன் வேண்டிய இடத்தில் ஏழுதான் கிடைத்தது. ஒவ்வொரு கார்பனுக்கும் இரண்டு ஆக்ஸிஜன் கிடைக்காமல் ஒன்றே கிடைத்தது. இரண்டு ஆக்ஸிஜன் இருந்தால் சோடாவில் குமிழியிடும் கரியமில வாயு. ஒன்று குறைந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயு. உண்மையில் இரண்டு வினைகளும் கலந்தே நடக்கும். ஆக்ஸிஜன் குறையக் குறைய, நச்சு வாயுவின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. சமையல் எரிவாயு கசிந்தால் நாற்றத்தால் அறிகிறோம். அது எத்தில் மெர்காப்டன் என்ற பொருளை அதற்காகவே கலப்பதால் வரும் நாற்றம். கார்பன் மோனாக்ஸைடுக்கு அப்படி யாரும் நாற்றம் சேர்த்து வைக்கவில்லை. மூச்சோடு உள்ளே போகும் இது, இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஆக்ஸிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றுவதால், ஆக்ஸிஜனுக்கு இடம் கிடைப்பதில்லை. முதலில் தலைவலியும் மயக்கமும், சிலருக்கு வாந்தியும் வரும். தூக்கத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் தெரியாது, தூக்கமே நீண்டுவிடும்.

அறையில் ஆக்ஸிஜன் அவ்வளவு விரைவாகக் குறையுமா என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 5 அடி நீளம், 5 அடி அகலம், 8 அடி உயரமுள்ள குளியலறையில் சுமார் 6.8 கிலோ காற்று இருக்கும். காற்றின் எடையில் ஆக்ஸிஜன் 23 சதவீதம். ஆகவே சுமார் 1.6 கிலோ. அங்கே எரிவாயுவால் இயங்கும் வெந்நீர்க் கருவி எரிகிறது, சன்னல் சாத்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் எரிவாயு எரிந்தாலே 364 கிராம் ஆக்ஸிஜன் செலவாகிவிடும். அறையில் இருந்ததில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு! குளிக்கப் போனவர் நெடுநேரம் வெளியே வராமல், கதவை உடைத்துப் பார்க்கும்படி ஆனதாக நாளிதழ்களில் வரும் செய்திகளுக்குப் பின்னால் இருப்பது இந்தப் பெருக்கல் கணக்குத்தான். அத்தகைய கருவியைக் குளியலறைக்கு வெளியே வைத்து, வெந்நீரை மட்டும் குழாய் வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும்.

கரி அடுப்பு இதைவிட மோசமானது. உதகை, கொடைக்கானல் போன்ற குளிர் மிகுந்த ஊர்களில் இரவில் கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவோர் உண்டு. விறகில் புகை வருகிறது, கண் எரிகிறது, ஆதலால் ஆபத்து என்று எல்லாரும் அறிவார்கள். கரியில் புகை இல்லை, செக்கச் செவேல் என்று அமைதியாகக் கனல்கிறது. ஆகவே அதில் தீங்கில்லை என்று எண்ணுகிறார்கள். ஆனால் கனலும் கரிக்கு நடுவே இரண்டு வினைகள் அடுத்தடுத்து நடக்கின்றன.

1 கார்பன் + 1 ஆக்ஸிஜன் → 1 கரியமில வாயு

1 கரியமில வாயு + 1 கார்பன் → 2 கார்பன் மோனாக்ஸைடு

கீழே உண்டான கரியமில வாயு, மேலே கனன்றுகொண்டிருக்கும் கரியின் வழியாக வரும்போது இன்னும் ஒரு கார்பனைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு நச்சு வாயு மூலக்கூறுகளாகப் பிரிந்து வெளியே வருகிறது. கனல் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து.

சமையலறையில் இதற்கு அடையாளங்கள் உண்டு. அடுப்புச் சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால், எரிவாயுவுக்குப் போதிய காற்று கிடைக்கவில்லை என்று பொருள். பர்னரின் துளைகளில் பொங்கி வழிந்த பாலும் கஞ்சியும் அடைத்திருக்கலாம். சுடர் ஆடுகிறது என்று தாய்மார்கள் சன்னலைச் சாத்திவிடுகிறார்கள். சுடர் ஆடாதபடி சட்டத்தில் ஒரு தகடு வைத்து மறைத்துக்கொள்ளலாம். சன்னல் திறந்தே இருக்கட்டும். மூடிய அறையில் அடுப்பருகில் ஒருவர் மயங்கிக் கிடந்தால், மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய், கதவு சன்னல்களைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்கு இழுத்து வந்துவிட்டு, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அங்கே ஆக்ஸிஜன் கொடுப்பார்கள்.

விடுமுறையில் செய்து பார்க்க

தோழியர் பென்சிலை எடுத்துக்கொண்டு முயன்று பார்ப்பதற்காக மூன்று சமன்பாடுகள் தருகிறேன்.

முதலாவது, தீக்குச்சி மருந்தில் சேரும் பொட்டாசியம் குளோரேட். 1 பொட்டாசியம், 1 குளோரின், 3 ஆக்ஸிஜன் கொண்ட இது, சூட்டில் பொட்டாசியம் குளோரைடாகவும் (1 பொட்டாசியம், 1 குளோரின்) ஆக்ஸிஜனாகவும் சிதைகிறது. இடப்பக்கம் ஆக்ஸிஜன் மூன்று மூன்றாக வருகிறது. வலப்பக்கம் இரண்டிரண்டாக வருகிறது. இரண்டுக்கும் பொதுவான எண்ணைத் தேடுங்கள்.

இரண்டாவது, உர ஆலையில் நடப்பது. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா உண்டாகிறது. நைட்ரஜன் மூலக்கூறில் 2 அணுக்கள். அம்மோனியாவில் 1 நைட்ரஜனும் 3 ஹைட்ரஜனும்.

மூன்றாவது, நம் உருளையில் இருக்கும் மற்றொரு வாயுவான பியூட்டேன். 4 கார்பன், 10 ஹைட்ரஜன். நன்றாக எரிந்தால் கரியமில வாயுவும் நீரும். இதில் ஆக்ஸிஜன் ஆறரை மூலக்கூறு என்று வரும். அரை மூலக்கூறு ஏது? எல்லா எண்களையும் இரண்டால் பெருக்கிவிடுங்கள்.

விடைகள்:

2 பொட்டாசியம் குளோரேட் → 2 பொட்டாசியம் குளோரைடு + 3 ஆக்ஸிஜன்

1 நைட்ரஜன் + 3 ஹைட்ரஜன் → 2 அம்மோனியா

2 பியூட்டேன் + 13 ஆக்ஸிஜன் → 8 கரியமில வாயு + 10 நீர்